மூளையைப் படிக்கச் சிறிய கல்லூரி போதுமா?

அமெரிக்க அரசின் மூளை ஆராய்ச்சித் திட்டமான ‘பிரெய்ன் இனிஷியேட்டிவ்’ 2023இல் 68 கோடி டாலர் நிதி பெற்றது. 2024இல் அது 40.2 கோடியாகக் குறைந்தது. 2025இல் 32.1 கோடி. இரண்டே ஆண்டுகளில் பாதிக்கும் கீழே போய்விட்டது. பெரிய பல்கலைக்கழகங்களின் கவலையாகத்தான் இது பேசப்பட்டது. ஆனால், இதன் பாதிப்பு 19, 20 வயது இளநிலை மாணவர்களையும் எட்டிவிட்டது. அதிலும், இரண்டாயிரம் பேர் மட்டுமே படிக்கும் சிறிய கல்லூரிகளில் நியூரோசயின்ஸ் எனும் மூளை அறிவியல் படிப்பவர்களுக்கும் படிக்க நினைப்பவர்களுக்கும் இது நேரடிப் பிரச்சினை.

அவர்களில் நம் வீட்டுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். நியூ ஜெர்சியிலும் கலிஃபோர்னியாவிலும் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் ஒருபக்கம். சென்னையிலும் கோவையிலும் பிளஸ் டூ படித்துக்கொண்டே அமெரிக்கக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிப்பவர்கள் இன்னொரு பக்கம். “நியூரோசயின்ஸ் படிக்கப்போகிறேன்” என்று பிள்ளை சொன்னதும் வீட்டில் கேள்விகள் வரிசைகட்டுகின்றன. அது டாக்டர் படிப்பா? வேலை கிடைக்குமா? பெயரே கேள்விப்படாத காலேஜுக்கு இவ்வளவு பணமா?

எல்லாமே நியாயமான கேள்விகள். இவற்றுக்குப் பதில் சொல்லும் முன் என் தரப்பைச் சொல்லிவிடுகிறேன். மூளை அறிவியலை இளநிலையில் கற்றுக்கொள்ள, ஒழுங்காக நடத்தப்படும் ஒரு சிறிய லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியைவிட நல்ல இடம் அரிது. அந்த இடம் இப்போது சுருங்கிவருகிறது. எனவே, கல்லூரியின் பெயரைப் பார்த்துத் தேர்வுசெய்யும் பழக்கத்தை விட்டுவிட்டு, அதன் ஆய்வகத்தைப் பார்த்துத் தேர்வுசெய்ய நாம் பழக வேண்டும்.

பிஎச்.டி. மாணவர் இல்லாத இடம்

அமெரிக்காவின் லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகள் பெரும்பாலும் இளநிலைப் படிப்புக்காக மட்டுமே நடப்பவை. நான்கு ஆண்டுப் படிப்பு. இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம், இசை, தத்துவம் என எல்லாம் ஒரே வளாகத்தில் இருக்கும். சேரும்போதே துறையை முடிவுசெய்ய வேண்டியதில்லை. இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் ‘மேஜர்’ எதுவென்று சொன்னால் போதும். ஆம்ஹெர்ஸ்ட் கல்லூரியில் சுமார் 1,900 பேர் படிக்கிறார்கள். ஒபர்லினில் ஏறத்தாழ 2,900 பேர். சென்னையின் பெரிய கல்லூரிகளில் சேர்க்கை இதைவிட அதிகம்.

இங்கே முனைவர் பட்ட மாணவர்கள் கிடையாது. மற்ற வித்தியாசங்கள் எல்லாம் இதிலிருந்தே பிறக்கின்றன.

பெரிய ஆராய்ச்சிப் பல்கலைக்கழகத்தின் ஆய்வகத்தில் பேராசிரியருக்கு அடுத்து முனைவர் பட்டம் முடித்த ஆய்வாளர்கள், அவர்களுக்கு அடுத்து பிஎச்.டி. மாணவர்கள், அதன் பிறகு சம்பளத்துக்கு வேலைபார்க்கும் டெக்னீஷியன்கள் என்று ஒரு வரிசை உண்டு. இளநிலை மாணவர் அந்த வரிசையின் கடைசியில் நிற்பார். கண்ணாடிக் குடுவை கழுவுவது, எலிக்கூண்டைச் சுத்தம்செய்வது, இன்னொருவர் எடுத்த படங்களில் செல்களை எண்ணுவது என்று அவருடைய மாதங்கள் ஓடும். நல்ல வழிகாட்டி அமைந்தால் அவரும் மேலே வரலாம். ஆனால், அதற்கு அதிர்ஷ்டமும் வேண்டும்.

சிறிய கல்லூரியில் பேராசிரியருக்கு இளநிலை மாணவரை விட்டால் வேறு ஆளில்லை. மின்முனையைச் செருகுவதும், ஈயின் மூளையைப் பிரித்தெடுப்பதும், கிடைத்த எண்களை அலசுவதும், தப்பாகிப்போனால் மறுநாள் வந்து திரும்பச் செய்வதும் அந்த மாணவர்தான். வகுப்பெடுப்பவரும் பேராசிரியர், ஆய்வகத்தில் பக்கத்தில் நிற்பவரும் அதே பேராசிரியர். இறுதி ஆண்டில் அந்த மாணவருக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதும்போது, அவர் தோற்ற நாட்களில் எப்படி நடந்துகொண்டார் என்பதுவரை ஆசிரியருக்குத் தெரிந்திருக்கும். மேற்படிப்புச் சேர்க்கையில் அப்படிப்பட்ட ஒரு கடிதத்துக்குப் பெரிய மதிப்பு இருக்கிறது.

1989இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்ற தாமஸ் செக், கிரின்னல் என்ற சிறிய கல்லூரியில் படித்தவர். 1999இல் அவர் எழுதிய கட்டுரை ஒன்றில் ஒரு கணக்கைச் சொன்னார். பட்டதாரிகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பார்த்தால், பிற்காலத்தில் அறிவியலில் பிஎச்.டி. பெறுபவர்களை உருவாக்குவதில், அமெரிக்கக் கல்வி நிறுவனங்களின் பொதுவான விகிதத்தைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கை லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகள் எட்டுகின்றன என்பதே அது. கோடிக்கணக்கில் விலைபோகும் கருவிகள் இல்லாத இடங்கள் இதைச் சாதித்திருக்கின்றன.

நியூரோசயின்ஸ் தனித் துறையாக உருவெடுத்ததே அண்மைக் காலத்தில்தான். ‘சொசைட்டி ஃபார் நியூரோசயின்ஸ்’ அமைப்பு 1969இல் தொடங்கப்பட்டது. நான்கே ஆண்டுகளில், 1973இல், ஆம்ஹெர்ஸ்ட் கல்லூரி இளநிலையில் இந்தப் படிப்பைத் தொடங்கியது. அமெரிக்காவிலேயே இதுதான் முதல் என்பது அந்தக் கல்லூரியின் பெருமிதம். 1991இல் இளநிலையில் இந்தப் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் தங்களுக்கென ஓர் அமைப்பை உருவாக்கி, 2002 முதல் பாடம் நடத்தும் முறைகளுக்காகவே ஓர் ஆய்விதழும் நடத்திவருகிறார்கள். குறைந்த செலவில் எந்தச் சோதனையை எப்படிச் செய்யலாம் என்பதை ஆசிரியர்கள் ஒருவருக்கொருவர் எழுதிப் பகிர்ந்துகொள்ளும் இதழ் அது. நம் கல்லூரி ஆசிரியர்களும் இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம்.

ஆட்டு மூளையும் ஒரு நோபல் பரிசும்

முதலாண்டு ஆய்வக வகுப்பு எப்படி இருக்கும்? பல கல்லூரிகளில் செம்மறி ஆட்டின் மூளையில்தான் தொடக்கம். இரண்டு பேருக்கு ஒரு தட்டு. நம் ஊர் இறைச்சிக் கடையில் பார்க்கும் ஆட்டு மூளை போல அது குழைந்து கிடக்காது; பதப்படுத்தியிருப்பதால் இறுகி, வெளிர் மஞ்சளாக, உள்ளங்கையில் அடங்கிவிடும். மேலே தோல் போல ஒட்டியிருக்கும் உறையைக் கத்தரிக்கோலால் நறுக்கி உரிக்க வேண்டும். முன்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் இரண்டு முனைகளும் வாசனைக்கானவை. ஆட்டுக்கு மோப்பம்தான் உலகம் என்பதை ஆசிரியர் சொல்லாமலே அவற்றின் அளவு சொல்லிவிடும். திருப்பிப் பார்த்தால், கண்ணிலிருந்து வரும் நரம்புகள் ஒன்றையொன்று குறுக்கே கடக்கும் இடம் தெரியும்.

பிறகு, மேலிருந்து நடுப்பிளவில் இரண்டு கட்டைவிரல்களையும் வைத்து மெதுவாக விலக்கினால், அடியில் வெண்மையான ஒரு பட்டை தெரியும். இடது மூளையையும் வலது மூளையையும் இணைக்கும் நார்க்கற்றை அது. பெயர் ‘கார்பஸ் கலோசம்’. படத்தில் நூறு முறை பார்த்திருந்தாலும், கையில் அந்தப் பட்டையின் தடிமனை உணரும்போதுதான் அதன் வழியாக எவ்வளவு செய்தி போகக்கூடும் என்ற எண்ணம் மாணவருக்கு வருகிறது.

அந்தப் பட்டையை வெட்டினால் என்ன ஆகும்? தீவிர வலிப்பு நோயால் அவதிப்பட்ட சிலருக்கு, வேறு வழியில்லாமல் மருத்துவர்கள் அதைத் துண்டித்தார்கள். 1960களில் ரோஜர் ஸ்பெரியும் அவருடைய குழுவினரும் அப்படிப்பட்ட நோயாளிகளைச் சோதித்தார்கள். திரையின் இடப்பக்கம் ஒரு பொருளின் படத்தைக் கணநேரம் காட்டினால் அது வலது மூளைக்குப் போகும். “என்ன பார்த்தீர்கள்?” என்று கேட்டால், “ஒன்றும் பார்க்கவில்லை” என்பார் நோயாளி. ஏனென்றால், பேசும் திறன் பெரும்பாலானோருக்கு இடது மூளையில் இருக்கிறது. ஆனால், மறைவில் வைத்திருக்கும் பொருட்களில் ஒன்றை இடது கையால் தடவி எடுக்கச் சொன்னால், காட்டிய அதே பொருளை அவர் சரியாக எடுத்துவிடுவார். ஒரே மனிதருக்குள் ஒரு பாதிக்குத் தெரிந்தது மறுபாதிக்குத் தெரியவில்லை. 1981இல் ஸ்பெரிக்கு மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

அந்த ஸ்பெரி, ஒபர்லின் கல்லூரியில் 1935இல் பட்டம் பெற்றது ஆங்கில இலக்கியத்தில். அங்கே ரேமண்ட் ஸ்டெட்சன் என்ற பேராசிரியர் நடத்திய அறிமுக உளவியல் வகுப்பில் உட்கார்ந்தவர், அதிலேயே ஈர்க்கப்பட்டு 1937இல் அதே கல்லூரியில் உளவியலில் முதுகலையும் முடித்தார். பிறகு சிகாகோவில் விலங்கியலில் முனைவர் பட்டம். இலக்கியம் படித்ததால்தான் நோபல் கிடைத்தது என்று நான் சொல்லவரவில்லை. ஆனால், இலக்கிய மாணவர் ஒருவர் பக்கத்து அறைக்குப் போய் உளவியல் கேட்கவும், அதற்குப் பின் விலங்கியலுக்கு மாறவும் கதவு திறந்திருந்தது. பதினேழு வயதில் எடுத்த ஒரு ‘குரூப்’ அவருடைய வாழ்க்கையை அடைத்துவிடவில்லை. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது வாய்க்கிறது?

மதுரைக்காரர்களுக்கு ஒபர்லின் அந்நியமான பெயரில்லை. ‘ஒபர்லின் ஷான்சி’ அமைப்பு வழியாக அந்தக் கல்லூரியின் இளம் பட்டதாரிகள் அமெரிக்கன் கல்லூரிக்கும் லேடி டோக் கல்லூரிக்கும் கற்பிக்க வந்திருக்கிறார்கள். இந்தத் தொடர்பைப் பற்றிக் கடைசியில் ஒரு யோசனை இருக்கிறது.

கரப்பான்பூச்சியின் கால்

செலவு குறைந்த கருவிகள் இந்தப் படிப்பை எவ்வளவு மாற்றியிருக்கின்றன என்பதையும் பார்க்க வேண்டும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வுசெய்த கிரெக் கேஜ், டிம் மர்சுல்லோ ஆகிய இருவர் 2009இல் ‘பேக்யார்ட் பிரெய்ன்ஸ்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அவர்கள் வடிவமைத்த ‘ஸ்பைக்கர்பாக்ஸ்’ கையடக்கமான ஒரு பெட்டி. நரம்பில் எழும் மிகச் சிறிய மின்துடிப்பைப் பெருக்கி, காதால் கேட்கவைக்கும்.

கரப்பான்பூச்சியைப் பனிக்கட்டி போட்ட நீரில் கொஞ்ச நேரம் வைத்தால் அசைவற்றுப்போகும். ஒரு காலை மட்டும் வெட்டி எடுத்து, இரண்டு ஊசிகளைக் குத்திப் பெட்டியோடு இணைப்பார்கள். முதலில் வெறும் இரைச்சல்தான் கேட்கும். பல் குத்தும் குச்சியால் காலிலுள்ள முள்போன்ற மயிரைத் தொட்டதும் இரைச்சலுக்கு மேலே படபடவென்று துடிப்பு எழும். விட்டால் அடங்கும். அழுத்தினால் வேகம் கூடும். தொடுதல் எவ்வளவு வலுவானது என்பதைத் துடிப்பின் எண்ணிக்கையால் நரம்பு தெரிவிக்கிறது என்பது பாடப்புத்தகத்தின் ஒரு வரி. இங்கே அதை மாணவர் தன் விரலாலேயே கண்டுபிடிக்கிறார்.

காலை வெட்டும் முன் பல வகுப்புகளில் ஒரு விவாதமும் நடக்கும். ஒரு பூச்சியின் காலை வெட்ட நமக்கு உரிமை இருக்கிறதா, அதற்கு வலிக்குமா, வலிக்கும் வலிக்காது என்று எதை வைத்துச் சொல்கிறோம்? தத்துவ வகுப்பில் படித்தவரும் வேதியியல் வகுப்பில் படித்தவரும் ஒரே மேஜையில் இருப்பதால் அந்த விவாதம் சடங்காகப் போவதில்லை. பின்னாளில் மனித மூளையில் மின்முனை பதிக்கும் தொழில்நுட்பங்களோடு வேலைசெய்யப் போகிறவர்களுக்கு இந்தப் பழக்கம் இருபது வயதிலேயே தேவை.

சிறிய கல்லூரிகள் தேர்ந்தெடுப்பதும் சிறிய உயிர்களைத்தான். நன்னீர்க் கல் இறால், நத்தை, வரிக்குதிரை மீன், பழ ஈ, மில்லிமீட்டர் நீளமே உள்ள ஒரு புழு. அந்தப் புழுவின் உடலில் 302 நரம்பணுக்கள்தான்; அவற்றின் இணைப்பு வரைபடம் 1986லேயே வெளியாகிவிட்டது. மனித மூளையிலோ சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள். ஆனாலும், நரம்பணுக்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் அடிப்படை முறைகள் பெரும்பாலும் ஒன்றுதான். ஈயையும் புழுவையும் வளர்க்கப் பெரிய கட்டடம் வேண்டியதில்லை. ஒரு குப்பி ஈக்கள் செத்துப்போனால் கல்லூரி திவாலாகிவிடாது. அதனால் மாணவரைத் தைரியமாகத் தவறுசெய்ய விடலாம்.

2024 அக்டோபரில் வளர்ந்த பழ ஈயின் முழு மூளை வரைபடம் ‘ஃபிளைவயர்’ திட்டத்தின் வழியே வெளிவந்தது. 1,39,255 நரம்பணுக்கள், சுமார் ஐந்து கோடி இணைப்புகள். அந்தத் தரவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது. ஒபர்லினில் இருக்கும் மாணவரும் ஒட்டன்சத்திரத்தில் இருக்கும் மாணவரும் ஒரே நேரத்தில் அதைத் திறந்து ஆராயலாம். புள்ளியியலும் கொஞ்சம் புரோகிராமிங்கும் தெரிந்திருந்தால் போதும். நல்ல நியூரோசயின்ஸ் படிப்புகள் இவ்விரண்டையும் கட்டாயமாக்கத் தொடங்கியிருப்பதற்குக் காரணம் இதுதான்.

குறைகளும் உண்டு

மூளையைப் படம்பிடிக்கும் எஃப்எம்ஆர்ஐ கருவி பெரும்பாலான சிறிய கல்லூரிகளில் இல்லை. துறையில் மொத்தமே நான்கைந்து ஆசிரியர்கள்தான் இருப்பார்கள். ஒருவர் ஆய்வு விடுப்பில் போனால் அவருடைய பாடம் அந்த ஆண்டு நடக்காது. ஒருவர் ஓய்வுபெற்று அந்த இடம் நிரப்பப்படாவிட்டால், ஒரு பிரிவே காணாமல்போகும். இதையெல்லாம் கல்லூரியின் வண்ணக் கையேடு சொல்லாது.

கல்லூரியே காணாமல்போவதும் நடக்கிறது. வெர்மான்ட்டின் மார்ல்போரோ கல்லூரி 2020இல் மூடப்பட்டது. கலிஃபோர்னியாவின் மில்ஸ் கல்லூரி 2022இல் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. நியூயார்க் மாநிலத்தில் 1868இல் தொடங்கப்பட்ட வெல்ஸ் கல்லூரி, 2024 ஏப்ரல் இறுதியில் அறிவித்து, அந்தப் பருவத்தோடு கதவை அடைத்தது. அங்கே பாதிப் படிப்பில் இருந்தவர்கள் சில வாரங்களில் வேறு இடம் தேட வேண்டியிருந்தது. எல்லாச் சிறிய கல்லூரிகளும் இந்த நிலையில் இல்லை. நன்கொடையாலும் முதலீட்டாலும் வளர்ந்த நிதி ஆம்ஹெர்ஸ்ட் போன்ற கல்லூரிகளைத் தாங்கிப்பிடிக்கிறது. கட்டணத்தை மட்டுமே நம்பியிருப்பவை தள்ளாடுகின்றன. விண்ணப்பிப்பவர்கள் இந்த இரண்டு வகையையும் பிரித்துப்பார்க்கத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கோடை வறண்டால்

நிதிக் குறைப்புக்கு வருவோம். பிரெய்ன் திட்டத்தின் நிதி சரிந்ததற்கு இன்றைய அரசை மட்டும் குறைசொல்ல முடியாது. 2016இல் இயற்றப்பட்ட ஒரு சட்டம் பத்து ஆண்டுகளுக்கு ஒதுக்கிய தொகை தீர்ந்துகொண்டே வருவது அதில் பெரிய காரணம். அந்தப் பள்ளத்தை நாடாளுமன்றம் நிரப்பவில்லை. அதோடு 2025இல் வேறு அடிகளும் சேர்ந்துகொண்டன. தேசிய சுகாதார நிறுவனம் அந்த ஆண்டுக் கோடைக்கான மாணவர் பயிற்சித் திட்டத்தையே ரத்துசெய்தது. தேசிய அறிவியல் அறக்கட்டளை 1987 முதல் நடத்திவரும் ‘ஆர்இயு’ என்ற கோடைக்கால ஆய்வுத் திட்டத்தில் சில இடங்கள் கைவிடப்பட்டன. பல பல்கலைக்கழகங்கள் பிஎச்.டி. சேர்க்கையைக் குறைத்தன. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்வி நிறுவனம், ஏற்கெனவே அனுப்பிய சேர்க்கை அனுமதிகளையே திரும்பப் பெற்றது.

கோடைக்கால ஆய்வு என்பது எட்டு முதல் பத்து வாரம் முழுநேரமாக ஆய்வகத்தில் இருப்பது. தங்குமிடமும் உதவித்தொகையும் கிடைக்கும். வகுப்பு நடக்கும் மாதங்களில் வாரத்துக்கு ஆறேழு மணி நேரம் செய்யும் வேலையில் ஒரு சோதனையின் முழு ஓட்டம் பிடிபடாது, கோடையில்தான் பிடிபடும். எஃப்எம்ஆர்ஐ இல்லாத கல்லூரியின் மாணவர் அந்தக் கருவியை முதன்முதலாகத் தொடுவதும் அப்படி வேறொரு பல்கலைக்கழகத்துக்குப் போகும் கோடையில்தான். அந்தப் பணம் நின்றால், வசதியுள்ள வீட்டுப் பிள்ளை சம்பளமில்லாமல் ஆய்வகத்தில் தொடரும். கட்டணத்துக்கு வழிதேட வேண்டிய பிள்ளை கடை கல்லாவில் நிற்கும். மூன்று ஆண்டுகள் கழித்து இருவரின் விண்ணப்பங்களும் ஒரே மேஜைக்கு வரும்போது, யாருக்குத் ‘தகுதி’ அதிகமாகத் தெரியும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இதை அநீதி என்றே நான் கருதுகிறேன்.

இந்தியாவிலிருந்து போகும் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொரு செய்தி: ‘ஆர்இயு’ உதவித்தொகை அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை அட்டை பெற்றவர்களுக்கும் மட்டுமே. எஃப்-1 மாணவர் விசாவில் படிப்பவருக்குக் கிடைக்காது. தன் சொந்த நிதியிலிருந்து வெளிநாட்டு மாணவருக்கும் கோடைக்கால உதவித்தொகை தரும் கல்லூரியா என்பது, அவருக்குத் தரவரிசை எண்ணைவிட முக்கியமான விவரம்.

டாக்டர், வேலை, பணம்

நியூரோசயின்ஸ் டாக்டர் படிப்பு இல்லை. அமெரிக்காவில் மருத்துவப் படிப்பு பட்டத்துக்குப் பிறகுதான். நியூரோசயின்ஸ் மேஜர்களில் பலர் அந்த எண்ணத்தோடே சேர்கிறார்கள். ஆனால், அங்குள்ள மருத்துவக் கல்லூரிகளில் பெரும்பாலானவை வெளிநாட்டு மாணவர்களைச் சேர்ப்பதில்லை. இந்தியாவில் பிளஸ் டூ முடித்து, டாக்டர் ஆவதே குறிக்கோளாக உள்ளவர் இந்த வழியில் போவது சரியல்ல. ஆராய்ச்சியில் ஆர்வமுள்ளவருக்கு நிலைமை வேறு: அமெரிக்காவில் நியூரோசயின்ஸ் பிஎச்.டி.க்குப் பொதுவாகக் கட்டணம் கிடையாது, மாதாமாதம் உதவித்தொகையும் உண்டு. இளநிலையோடு நிறுத்துபவர்கள் மருத்துவ ஆய்வு ஒருங்கிணைப்பு, ஆய்வக வேலை, தரவு அலசல், மருந்து நிறுவனங்கள் என்று போகிறார்கள்.

படிப்பு முடித்ததும் 12 மாதங்களும், அறிவியல் பட்டம் என்பதால் கூடுதலாக 24 மாதங்களும் அங்கே வேலைபார்க்க இப்போதைய விதி இடம்தருகிறது. ஆனால், 2025 மே மாத இறுதியில் மாணவர் விசா நேர்காணல்களுக்குப் புதிதாக நேரம் ஒதுக்குவதையே மூன்று வாரம் நிறுத்திவைத்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் புதிய எச்-1பி வேலை விசா விண்ணப்பங்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் அறிவிக்கப்பட்டது. அமெரிக்காவிலேயே வேலையில் அமர்வதை மட்டும் கணக்கில் வைத்து வீட்டை அடமானம் வைக்காதீர்கள்.

கட்டணம்? முன்னணிச் சிறிய கல்லூரிகளில் தங்குமிடம், உணவு உட்பட ஆண்டுக்கு ஏறத்தாழ 90,000 டாலர். முழுத் தொகையையும் எல்லோரும் கட்டுவதில்லை. ஆம்ஹெர்ஸ்ட், போடன் ஆகிய இரண்டு கல்லூரிகளும் வெளிநாட்டு மாணவரின் விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும்போதுகூட அவரால் பணம் கட்ட முடியுமா என்று பார்ப்பதில்லை. சேர்த்துக்கொண்டால் தேவையான உதவியையும் தருகின்றன. இடம் கிடைப்பது மிகக் கடினம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மற்ற பெரும்பாலான கல்லூரிகள், வெளிநாட்டவர் எவ்வளவு உதவி கேட்கிறார் என்பதைக் கணக்கில் எடுத்தே முடிவுசெய்கின்றன. உதவித்தொகை கிடைக்காமல், முழுக் கடனில் மட்டும் இந்தப் படிப்புக்குப் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

என்ன செய்யலாம்?

சிறிய கல்லூரிகள் ஆராய்ச்சியைக் கோடைக்கும் சிலருக்கும் ஒதுக்கிவைக்காமல், வழக்கமான ஆய்வகப் பாடத்துக்குள்ளேயே கொண்டுவரலாம். விடை தெரிந்த சோதனையைத் திரும்பச் செய்வதற்குப் பதில், ஒரு பருவம் முழுக்க ஒரு வகுப்பே சேர்ந்து விடை தெரியாத ஒரு கேள்வியைத் துரத்தும் முறை பல இடங்களில் நடைமுறைக்கு வந்துவிட்டது. பகுதிநேர வேலைக்கு ஓடும் மாணவருக்கும் அதில் பங்கு கிடைக்கும். அமெரிக்காவில் வாக்குரிமையுள்ள தமிழர்கள், தங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதும்போது, இளநிலைக் கல்லூரிகளின் ஆய்வுக்கென்றே உள்ள நிதித் திட்டங்களைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். பெரிய நிறுவனங்களுக்காகப் பேச ஆட்கள் இருக்கிறார்கள். 1,900 பேர் படிக்கும் கல்லூரிக்காகப் பேச அங்கே படிப்பவர்களின் பெற்றோர்தான் இருக்கிறார்கள்.

தமிழ்நாட்டின் தன்னாட்சிக் கல்லூரிகள் இதில் நிறையவே எடுத்துக்கொள்ளலாம். கையின் தோல்மீது ஒட்டும் மின்முனையால் தசைத் துடிப்பைப் பதிவுசெய்ய விலங்கு எதுவும் தேவையில்லை. ஃபிளைவயர் தரவு இலவசம். சென்னை ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் வெளியிட்ட ‘தரணி’ தொகுப்பில், கருவில் வளரும் மனித மூளையின் 5,132 வெட்டுப்பரப்புகள் மிகத் துல்லியமான படங்களாக இருக்கின்றன; அதுவும் எல்லோருக்கும் இலவசம். உலகமே பயன்படுத்தக்கூடிய ஒரு தொகுப்பு நம் ஊரில் உருவாகியிருக்கும்போது, நம் விலங்கியல், உளவியல், கணினித் துறைகள் மூன்றும் சேர்ந்து ஒரு விருப்பப் பாடத்தை அடுத்த கல்வியாண்டிலேயே தொடங்கலாம். மதுரைக் கல்லூரிகள் ஒபர்லினோடு உள்ள உறவைப் பயன்படுத்தி, ஆய்வகப் பயிற்சிக்காக ஆசிரியர்களைப் பரிமாறிக்கொள்ளும் ஏற்பாட்டைக் கேட்டுப்பெறலாம். மாணவர் புராஜெக்ட்களுக்கு நிதி தரும் தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம், இளநிலை மாணவர்களின் மூளை அறிவியல் புராஜெக்ட்களுக்கு ஒரு பங்கை ஒதுக்கலாம்.

விண்ணப்பிக்கப் போகும் மாணவர்களுக்குச் சில வார்த்தைகள். முன்கூட்டிய விண்ணப்பத்துக்குக் கெடு பெரும்பாலும் நவம்பர். வழக்கமான சுற்றுக்கு ஜனவரி முதல் வாரத்தை ஒட்டி. அதற்கு முன் கல்லூரியின் நியூரோசயின்ஸ் துறைப் பக்கத்தைத் திறந்து, ஆசிரியர்கள் அண்மையில் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைகளின் ஆசிரியர் பட்டியலைப் பாருங்கள். இளநிலை மாணவர்களின் பெயர்கள் அதில் இருக்கின்றனவா? அடுத்த இரண்டு ஆண்டுகளில் யார் ஆய்வு விடுப்பில் போகிறார்கள், யார் ஓய்வுபெறுகிறார்கள் என்று துறைத் தலைவருக்கு எழுதிக் கேளுங்கள். வெளிநாட்டு மாணவருக்குக் கோடைக்கால உதவித்தொகை உண்டா, கடந்த கோடையில் எத்தனை பேருக்குக் கிடைத்தது என்றும் கேளுங்கள். கல்லூரியின் நிதி அறிக்கையைப் பெற்றோர் படித்துப்பார்க்கட்டும். சேர்க்கை தொடர்ந்து சரிகிறதா, கட்டணத்தைத் தவிர வேறு வருமானம் இருக்கிறதா என்பது அதில் தெரிந்துவிடும்.

இறுதியாண்டு மாணவர் ஒருவரின் தொடர்பைச் சேர்க்கை அலுவலகத்திடம் கேட்டு வாங்கி, அவரோடு அரை மணி நேரம் பேசுங்கள். ஆய்வேட்டின் தலைப்பு என்ன, கருவியை இயக்கியது யார், சோதனை சொதப்பிய நாளில் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று கேளுங்கள். தயங்காமல் பதில் வரும் கல்லூரிகளை மட்டும் உங்கள் பட்டியலில் வைத்துக்கொள்ளுங்கள்.